பல்லிடுக்கில் சாவி

பல்லிடுக்கில் இருந்த சாவியை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பகூலி கணவனின் தாடையை இரு உள்ளங்கைகளாலும் பிடித்துக் கீழே அழுத்தினாள். கொழுந்தன் ராவெலு கட்டிலின் மறுபக்கம் முழங்காலிட்டுச் சாவியின் தலையைப் பிடித்து மெல்ல ஆட்டினான். பக்கத்து வீட்டுப் பெண்கள் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கதவருகே நின்றார்கள். உள்ளே வர ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை.

“அண்ணி, இன்னும் கொஞ்சம் கீழ இழுங்க.”

“மெதுவாப் பண்ணு தம்பி. வலிக்கப்போவுது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. ராவெலு தலை நிமிரவில்லை. சாவி ஒரு சின்ன ஓசையோடு விடுபட்டு வந்தது. பித்தளைச் சாவி. தலையில் பல் பதிந்து பதிந்து சின்னக் குழிகள் விழுந்திருந்தன. பகூலி அதைத் தன் தோள்போர்வையின் நுனியில் துடைத்து, அந்த நுனியிலேயே முடிந்துகொண்டாள்.

தீவின் தலைநகரான தானா மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் ஏறும்போது குடிக்கிற பெட்ரோல் போதாதா, இறக்கத்தில் சும்மா உருளும்போதும் வண்டி எதற்குக் குடிக்க வேண்டும்? உச்சிக்கு வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவது இந்த ஊர் வாடகைக் கார் டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான். பகூலியின் கணவர் ரட்சிம்பா ஒரு படி மேலே போவார். எஞ்சினை அணைத்து, சாவியையும் உருவி, பல்லில் கடித்துக்கொண்டு, பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். புதிதாக ஏறியவர்கள் சாமியைக் கூப்பிடுவார்கள். பழகியவர்கள் அவரோடு சேர்ந்து சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் பகூலியும் சிரித்தவள்தான். எப்போது சிரிப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சந்தைக்குப் போகும் பெரிய இறக்கத்தில் அவர் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். பின்சீட்டில் கூடை நிறைய வாத்துகளோடு ஒரு பெண். செங்கல் வீடுகளுக்கு நடுவே நூல் பிடித்தது போல் இறங்கும் சாலை அது. கீழே வந்ததும் வண்டி வேகம் குறைந்து, தானாக இடப்பக்கம் சாய்ந்து, வீட்டுக்குத் திரும்பும் சந்தின் முனையில் சாக்கடைக்குள் முன்சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அலறும். அது அந்த வண்டிக்கு ரொம்ப நாளாக இருக்கும் வியாதி. அந்த அலறலைக் கேட்டுத்தான் பகூலி தினமும் அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றுவாள். சனிக்கிழமையும் ஏற்றினாள். ஹார்ன் மட்டும் நிற்கவே இல்லை.

“நான் பாட்டுக்கு எம் மருமவ கதையைச் சொல்லிட்டே வந்தேன்,” என்று அந்த வாத்துக்காரி சாயங்காலம் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னாள். “சொன்னதுக்கெல்லாம் மனுசன் தலையாட்டிட்டே வந்தாரு. ‘என்னைக்காவது ஒரு நாள் அவளைத் தொரத்திருவேன்’னேன். அதுக்கும் ஆட்டினாரு. எறங்கி, மிச்சக் காசு குடுங்கய்யான்னு தோளைத் தொட்டேன். அப்பதான்…”

உயிர் மேட்டு உச்சியிலேயே போயிருக்கும், மாரடைப்பு என்று வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் சொன்னார். அப்படியானால் அந்த இறக்கம் முழுவதும் தலையை ஆட்டியது சாலையின் பள்ளங்கள்தான். பகூலி திரும்பத் திரும்ப அதையே நினைத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு திணறல், ஒரு குலுக்கல், ஏதாவது யாருக்காவது தெரிந்திருக்கும். அணைத்துவிட்டு வருவதுதான் அவர் வழக்கம் என்பதால் தெருவே ஒன்றும் தெரியாமல் அவருக்குக் கை காட்டியிருக்கிறது. செத்துப்போன ஒரு மனிதனைக் காட்டிக்கொடுக்காமல் அந்த வண்டி அவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறது.

துக்கத்துக்கு வந்தவர்களோ வேறு மாதிரி பேசினார்கள். “எசமானை வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருச்சு பாரு. ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏறல,” என்று, வாசலுக்குத் தள்ளிவந்து நிறுத்தியிருந்த வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு ஒரு பெண் காபி ஊற்றினாள். இன்னொருத்தி ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தாள். பகூலி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தட்டிக்கொடுக்கத் தக்கதாகத் தோன்றவில்லை.

பால் ஏடு நிறத்தில் ஒரு பழைய ரெனோ கார். அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே பழையது. பெட்ரோல் டாங்கு துருப்பிடித்து ஓட்டையாகிப் பல வருஷமாகிறது. டிரைவர் காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில், அதில் ஒரு குழாய், அதுதான் டாங்கு. பயணி ஏறி முன்பணம் கொடுத்தபிறகு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் பாட்டிலை நிரப்பிக்கொள்வார். எது உடைந்தாலும் ரட்சிம்பா கடைக்குப் போகமாட்டார், சமையலறைக்கு வருவார். பகூலியின் தேநீர் வடிகட்டி பெட்ரோல் குழாய்க்குள் போனது. மத்தி மீன் டப்பாவின் மூடி புகைக்குழாயின் ஓட்டையை அடைத்தது. திரைச்சீலைக் கம்பிச்சுருள் கதவைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய பாவாடை நாடாகூட உள்ளே எங்கேயோ எதையோ கட்டிப்போட்டிருக்கிறது. “வீட்டையே கழட்டி அதுல மாட்டிட்டீங்க. இனி நான்தான் பாக்கி,” என்று ஒருமுறை சண்டை போட்டாள். “உன்னை எங்க மாட்டறது, நீ ரொம்பச் சத்தம் போடுவ,” என்றார் அவர்.

கைப்பிரேக் போய்விட்டது. அதற்கு மருந்து ஒரு கல். கருப்பாக, அவள் கைக்குள் அடங்குவதைவிடக் கொஞ்சம் பெரிய கல். அவர் சாயங்காலம் வாசலில் நிறுத்தியதும் பகூலி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைப்பாள். காலையில் அவர் ஏறி உட்கார்ந்து தலையசைத்ததும் எடுத்து முன்சீட்டுக்குக் கீழே போடுவாள். அவளை எங்கேயாவது கூட்டிப்போனால் அங்கேயும் இதே வேலைதான்.

மகன் ஹேரி செல்போன் கடையில் வேலை பார்த்தான். அவனுக்கு அந்த வண்டி அவமானம். கடைக்காரர்களெல்லாம் சேர்ந்து தவணையில் எடுக்கும் திட்டம் ஒன்றில் அப்பாவுக்கு ஒரு கொரியன் கார் வாங்கித் தருவதாக மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். “இது வண்டியா? சக்கரம் வெச்ச சவப்பெட்டி,” என்று கிறிஸ்துமஸ் அன்று சாப்பிடும்போது சொன்னான். “அப்போ நடந்து போ. உயிரோட இருக்கறவங்கதான் நடப்பாங்க,” என்றார் ரட்சிம்பா. பகூலியும் அன்றைக்குச் சிரித்துவிட்டாள். அவளுக்கு உள்ளூர மகன் பக்கம்தான்.

அந்த ஹேரியைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் காணவில்லை. பிணத்துக்குத் துணி சுற்ற எல்லோரும் காத்திருந்தார்கள். பகூலி வாசலுக்கு வந்து பார்த்தாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ரட்சிம்பாவின் பழைய கால்சட்டை. கால்கள் அசைந்தன. ஹேரி ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

“சாக்கடையில எறங்கினதுல ஒரு கம்பி வளைஞ்சிருச்சும்மா. நிமித்திட்டேன்.”

“உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லல. பாத்தா தெரியுது. அப்பா ஒவ்வொண்ணையும் எப்படி எப்படிக் கட்டி வெச்சிருக்காரு தெரியுமா? நீ கீழ வந்து பாரேன், அப்படியே அசந்துருவ.”

“கையைக் கழுவிட்டு உள்ள வா. எல்லாரும் காத்திருக்காங்க.”

“சாவி குடு. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கறேன். நாளைக்கு ஊர்வலத்துக்கு முன்னாடி நான் ஓட்டிட்டுப் போறேன்.”

பகூலி போர்வை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “வேன் பேசியாச்சு. எல்லாரும் வேன்ல போறோம். இது இங்கயே கெடக்கட்டும். காரியம் முடிஞ்சதும் பழைய இரும்புக்குப் போட்டுறலாம். நீதானே சொன்னே.”

“நான் சொன்னது அப்போ.”

“ஒரு நாள்ல என்னடா ஆச்சு?”

ஹேரியின் கண் கலங்கியிருந்தது. கிரீஸ் கையால் துடைத்து இன்னும் கருப்பாக்கிக்கொண்டான். “அந்த வார்த்தையைச் சொல்லிட்டேன்மா. சவப்பெட்டின்னு. அது அப்படியே நடந்துருச்சு,” என்றான் பிறகு. அவனை அணைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தக் கால்சட்டையில், அந்தக் கிரீஸ் வாசனையில் அவனைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே போனதும் ராவெலுவிடம் பஞ்சாயத்து போனது. துணி மடிப்புகளைச் சரிசெய்துகொண்டிருந்த ராவெலு நிமிர்ந்து பார்த்துத் தீர்ப்பே சொல்லிவிட்டான். “அண்ணி, அண்ணன் அந்த வண்டியிலதான் வாழ்ந்தாரு. அது முன்னாடி போறதுதான் அவருக்கு மரியாதை. பையன் ஓட்டட்டும். கடையை விட்டுட்டு இதையே ஓட்டினாலும் நல்லதுதான். இந்த மாதிரி வண்டி இனிமே வராது. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் ஒண்ணும் கெடையாது, கையும் காலும் இருந்தா போதும்.”

“ஓட்டினவருக்குக் கையும் காலும் இருந்துச்சு தம்பி. என்ன ஆச்சு?”

“அது வண்டியோட தப்பா? இதயம் நின்னா வண்டி என்ன பண்ணும்?”

பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிணத்தின் முன்னால் சண்டையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பகூலி முடிச்சை அவிழ்த்துச் சாவியை மகனிடம் கொடுத்தாள். சற்று நேரத்தில் வெளியே எஞ்சின் இருமித் தும்மி உறுமியது. முதல் முயற்சியிலேயே. ரட்சிம்பாவுக்கே அது முதல் முயற்சியில் கிளம்பியதில்லை.

திங்கட்கிழமைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ரட்சிம்பாவின் வம்சத்தில் செவ்வாயன்று கல்லறையைத் திறக்கமாட்டார்கள். அவருடைய தாத்தாவின் தம்பியை ஒரு செவ்வாயில் அடக்கம் செய்ததாகவும், அந்த மாதமே அவர் மகனுக்காக மறுபடி திறக்க வேண்டி வந்ததாகவும் சொல்வார்கள். அதனால் வேன்காரன் திங்கட்கிழமை காலை வராமல் மத்தியானம் வந்தபோது எல்லோர் முகமும் இறுகிக் கிடந்தது. துணி சுற்றிப் பாயில் கட்டிய உடலை வேனின் கூரையில் ஏற்றிக் கயிறு போட்டார்கள். பிணம் போகும் வண்டி என்று தெரிய முன்னால் போகிற ரெனோவில் கொடி கட்டினார்கள்.

பகூலி வேனில் ஏறவில்லை. ரெனோவின் பின்சக்கரத்திலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவனைத் தனியாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

ஹேரி நன்றாகவே ஓட்டினான். அதுதான் அவளைக் கலக்கியது. பிரேக்கை மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. குடைக் கைப்பிடிபோல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கியரை எந்த இடத்தில் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஹார்ன் அலறியது. தெருவில் போனவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். காலடியில் தரை அரித்த ஓட்டை வழியாகச் செம்மண் சாலை ஓடுவதை அவள் பார்த்தாள். பெட்ரோல் வாசனை தலைக்கேறியது. இத்தனை வருஷமாக இந்த வாசனையைத்தான் தலையணையில் முகர்ந்து தூங்கினோம் என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதாள். ஹேரி ஒரு கையால் அவள் முழங்காலைத் தட்டினான்.

“ரோட்டைப் பாரு,” என்றாள்.

“பாத்துட்டுதாம்மா இருக்கேன்.”

ஊரைத் தாண்டியதும் வயல்கள். அறுவடை முடிந்த தாள்களுக்கு நடுவே வாத்துகள் மேய்ந்தன. அதன்பிறகு முதல் மேடு. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. உச்சிக்கு வந்து மறுபக்கம் இறக்கம் தெரிந்ததும் ஹேரியின் வலது கை அனிச்சையாகக் கீழே போனது. எஞ்சின் நின்றது. காற்றின் ஓசை மட்டும். அவள் திரும்பிப் பார்த்தபோது சாவி அவன் பல்லிடுக்கில் இருந்தது.

“ஹேரி.”

“ம்?”

“வாயில என்ன?”

அவன் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான். அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. சட்டென்று சாவியை எடுத்துப் பூட்டில் போட்டான், எஞ்சினை எழுப்பினான். “சின்ன வயசுல பின்சீட்டுல உக்காந்து பாத்ததும்மா. கை தானாப் போகுது,” என்று சிரித்தான். சிரித்தபோது வாயோரம் அப்படியே அவருடைய கோணல். அடுத்த இறக்கத்தில் அவன் அணைக்கவில்லை. அதற்கடுத்ததில் மறந்துவிட்டான்.

ரட்சிம்பாவின் பூர்வீக ஊரான அம்புஹிமேனா ஒரு குன்றின் தலையில் இருக்கிறது. ஊருக்கு இந்தப் பக்கமே, சாலையோரம், குன்றின் விளிம்பில் கல்லறை. பாதி மண்ணுக்குள் இறங்கிய கல் வீடு அது. உள்ளே கல் படுக்கைகளில் ரட்சிம்பாவின் ஆட்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் காலையிலேயே மண்ணை வெட்டிக் கதவுக்கல்லைப் புரட்டி வைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. “சீக்கிரம், சீக்கிரம்,” என்றார் ஒரு கிழவர், நேரத்தைப் பார்க்காமல் மேற்கைப் பார்த்து.

ஹேரி சாலையோரம் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். பகூலி இறங்கிக் கல்லை வைத்தாள். வேன் கூரையிலிருந்து உடலை இறக்கிப் பாயில் கிடத்தினார்கள். கடைசிப் பட்டுத்துணியை மேலே சுற்ற வேண்டும். சுற்றியதும் தூக்குபவர்களில் மகன் முதலாவதாக நிற்க வேண்டும். ஹேரி சட்டைப்பையிலிருந்து செல்போனையும் சாவியையும் எடுத்து அவளிடம் நீட்டினான்.

“வெச்சுக்கோம்மா. குனிஞ்சா விழுந்துரும்.”

சாவி அவன் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பகூலி அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மனைவியை முதலில் கூப்பிட்டார்கள். போகிறவருக்குப் பிடித்த பொருள் ஏதாவது இருந்தால் துணிக்குள் வைக்கலாம் என்பது வழக்கம். அவள் அவருடைய சீப்பையும் தொப்பியையும் கொண்டுவந்திருந்தாள். குனிந்து பட்டுத்துணியை விலக்கித் தொப்பியை மார்பில் வைத்தாள். சீப்பை வைத்தாள். அப்புறம் கையை இன்னும் உள்ளே விட்டு, பழைய துணியின் மடிப்புக்குள் சாவியைத் தள்ளினாள்.

“நீங்களே வெச்சுக்குங்க,” என்று காதருகே சொன்னாள். “பையனை விட்டுருங்க.”

சுற்றி நின்ற பெண்கள் அவள் கதறலில் சேர்ந்துகொண்டார்கள். அது நடிப்பு இல்லை. அவள் பொய்யாக அழுததே கிடையாது.

உடல் உள்ளே போனது. கல்லைப் புரட்டி வாசலை அடைத்தார்கள். மண்ணைத் தள்ளினார்கள். ஏழெட்டு வருஷம் கழித்து, இறந்தவர்களை வெளியே எடுத்துப் புதுத் துணி சுற்றும் சடங்குக்காக மறுபடி திறக்கும்போது எலும்போடு எலும்பாக அந்தச் சாவியும் கிடைக்கும். கிடைக்கட்டும். அதற்குள் வண்டி இந்தக் குன்றின் மேலேயே புல் மூடி, ஆடு மேய்க்கிற பிள்ளைகள் ஏறி விளையாடும் துருவாகிவிடும். அப்போது தான் செய்ததை ஹேரியிடம் சொல்லிக்கொள்ளலாம், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும், அவனுக்கும் புரியும். சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

ஊர்க்காரர்கள் பெரிய அண்டாக்களில் சோறும் கொழுப்பு மிதக்கும் மாட்டுக்கறியும் கொண்டுவந்தார்கள். எல்லோரும் புல்லில் உட்கார்ந்து கரண்டியால் அள்ளி அவசரமாகச் சாப்பிட்டார்கள். இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும். பகூலி இரண்டு தட்டு சாப்பிட்டாள். ராவெலு ஆச்சரியமாகப் பார்த்தான்.

“வேன்ல எடம் போடு தம்பி, ஹேரிக்கும் சேர்த்து,” என்றாள்.

“அவன் வண்டி?”

அவள் வேனுக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஹேரி ஜன்னலுக்கு வந்தான். கையில் இன்னும் தட்டு இருந்தது. அவள் செல்போனை நீட்டினாள்.

“சாவி?”

“காணோம்டா. அழுதுட்டிருந்தப்ப எங்கயோ விழுந்திருக்கு.” அவனைப் பார்க்காமல் சொன்னாள். “புல்லுல இனிமே எங்க தேடறது? இருட்டப்போவுது. வா, ஏறு. வண்டி இங்கயே கெடக்கட்டும். அப்புறமா பாத்துக்கலாம்.”

ஹேரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மூடிக் கிடந்த கல்லறையைப் பார்த்தான். கோபப்படுவான், கத்துவான் என்று அவள் தயாராக இருந்தாள். அவனோ கோணலாகச் சிரித்தான்.

“சாவியா? எம்மா, அந்தப் பூட்டு தேஞ்சுபோய் நான் பள்ளிக்கூடம் போறப்பவே லொடலொடன்னு ஆயிருச்சு. எதை விட்டாலும் திரும்பும். அப்பா சீப்பை விட்டே ஸ்டார்ட் பண்ணுவாரு, நான் பாத்திருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு அந்தச் சாவியை…”

“உனக்காகத்தான். ஒரு தடவை நீதான், பூட்டு இல்லாத வண்டியை எவனாவது தள்ளிட்டுப் போயிருவான், ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குதுன்னு அழுதியாமே. ‘அம்மாகிட்ட சொல்லிறாதடா, சாவி இருந்தா அவ நிம்மதியாத் தூங்குவா’ன்னு சொல்லுவாரு.”

தட்டைப் புல்லில் வைத்தான். கரண்டியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வண்டியை நோக்கி நடந்தான். பகூலிக்கு அந்தக் கரண்டியை அடையாளம் தெரிந்தது. ஊர்க்காரர்களிடம் பற்றாது என்று தன் சமையலறையிலிருந்து தானே கட்டி எடுத்துவந்த கரண்டிகளில் ஒன்று.

எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. வேனில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “பலே!” என்று ராவெலு கை தட்டினான். குன்றின் விளிம்பில், மேற்கே போகும் வெளிச்சத்தில், கொடி கட்டிய வண்டி குலுங்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே சாலை வளைந்து வளைந்து இறங்கி, பாதியில் மூடுபனிக்குள் போய்விட்டது.

“அம்மா!” என்று ஹேரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டான். “கல்லை எடு, நேரமாச்சு.”

“அண்ணி, நீங்க உக்காருங்க. நான் போய் எடுக்கறேன்,” என்றான் ராவெலு.

“வேண்டாம் தம்பி. எனக்குத்தான் எடுக்கத் தெரியும்.”

அவள் வேனிலிருந்து இறங்கினாள். ரெனோவின் பின்னால் போய்க் குனிந்தாள். கல் மண்ணில் நன்றாகப் பதிந்திருந்தது. எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தாள். எஞ்சினின் சூடும் புகையும் முகத்தில் அடித்தன. முன்னாலிருந்து மறுபடி “அம்மா” என்றான். அந்தக் குரல் அவருடையதா மகனுடையதா என்று அவள் யோசிக்க விரும்பவில்லை. கல்லைப் பிடுங்கினாள். வண்டி ஓர் அங்குலம் முன்னால் நகர்ந்தது. ஓடிப்போய் முன்கதவைத் திறந்து மகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“வேன்ல வசதியா வரலாம்ல?” என்றான் ஹேரி.

“நான் வரேன்.”

“கல்லைக் கீழ போடும்மா.”

அவள் போடவில்லை. ஹேரி தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை நகர்த்தினான். கல்லறையைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, முன்சக்கரங்கள் இறக்கத்தில் இறங்கின. அவன் வலது கை கீழே போனது. எஞ்சின் நின்றது. பின்னால் வந்த வேனின் ஓசையும் மெல்ல மெல்லத் தொலைவாகிப் போனது. காலடி ஓட்டையில் செம்மண் வேகமெடுத்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, கரண்டி பல்லில் மோதும் சின்ன ஓசை அவளுக்குக் கேட்டது. முதல் வளைவு இடப்பக்கம். மடியிலிருந்த கல்லை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பகூலி ஹார்னுக்காகக் காத்திருந்தாள்.